சாசனம் யாருக்கு?

1252. இங்கிலாந்தில் ஒரு விதவை அரசன் முன்னால் நின்று நியாயம் கேட்கிறாள். பெயர் இசபெல், அருண்டேல் சீமாட்டி. புருஷன் 1243-இல் செத்துப்போனான். அரசன் மூன்றாம் ஹென்றி.

வழக்கு இதுதான். நிலம் வைத்திருந்தவன் செத்து, வாரிசு சின்னப்பிள்ளையாக இருந்தால், அந்தப் பிள்ளை வயசுக்கு வரும்வரை நிலமும் வருமானமும் மேலே இருக்கும் பிரபுவின் கையில். அப்படியொரு பொறுப்பில் தனக்குப் பங்குண்டு என்கிறாள் இசபெல். அதில் ஒரு துண்டு நிலம் அரசனுக்குக் கட்டுப்பட்டது என்று காட்டி மொத்தத்தையும் சுருட்டிக்கொண்டான் அரசன்.

அவள் கெஞ்சவில்லை. நீதியிலிருந்து ஏன் முகத்தைத் திருப்புகிறாய் என்று நேருக்கு நேர் கேட்டாள். அரசனுக்கு இளக்காரம். எங்களுக்காகப் பேசு என்று பிரபுக்கள் சாசனம் எழுதிக் கொடுத்தார்களா என்றான். அவர்கள் கொடுக்கவில்லை, நீயும் உன் அப்பனும் கொடுத்த மகாசாசனம் இருக்கிறதே, அதற்கு நாங்கள் காசு கொடுத்தோமே, நீதான் அதை மீறுகிறாய் என்றாள். உத்தரவு வாங்காமலே வெளியேறினாள். பின்னால் அவளுக்கு ஓர் அபராதத்தைத் தள்ளுபடி செய்தபோதும், இனி அப்படி ஏசக்கூடாது என்று நிபந்தனை போட்டான் அரசன். அந்த வாய் அவனை அவ்வளவு உறுத்தியிருக்கிறது.

ஒரு பொம்பள இப்படிப் பேசியதை நாமும் மெச்சத்தான் வேண்டும். ஆனால் அவள் சொன்ன 'நாங்கள்' யார்?

1225-இல் ஹென்றி சாசனத்தைத் திரும்ப வழங்கியபோது, கைமாறாக நாட்டு மக்களின் அசையும் சொத்தில் பதினைந்தில் ஒரு பங்கு வரியாக வசூலானது. பண்ணையடிமைகளின் மாடும் தானியமும் அந்தக் கணக்கில் வந்தன. ஆனால் சட்டப்படியல்லாமல் யாரையும் பிடிக்கக்கூடாது, நிலத்தைப் பறிக்கக்கூடாது என்ற விதி 'சுதந்திர மனிதனுக்கு' மட்டும். பண்ணையடிமை தன் நிலத்துக்காக எஜமானன்மேல் அரச நீதிமன்றம் ஏற முடியாது. காசு கொடுத்தவன் அவனும்தான். சாசனம் அவனுக்கில்லை.

இசபெல்லின் பேச்சை எழுதிவைத்தவர் மேத்யூ பாரிஸ், செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி. அந்த மடமும் பெரிய நிலக்கிழார்தான். மடத்து ஆலையில்தான் மாவரைக்கணும், கூலியும் கொடுக்கணும் என்பது சட்டம். 1330-களில் மடாதிபதி ஜனங்களின் வீட்டுத் திருகைக் கற்களைப் பிடுங்கினார். சும்மா போடவில்லை. மடத்துக் கூடத்தில் தரையாகப் பாவினார். பிடுங்கியது காலடியில் கிடந்தது.

1381 விவசாயிகள் எழுச்சியில் ஊர்ஜனங்கள் மடத்துக்குள் புகுந்து அந்தக் கற்களைப் பெயர்த்தார்கள். உடைத்து, கோயிலில் அப்பம் பகிர்வதுபோல் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். மடத்திடமிருந்து சாசனமும் எழுதி வாங்கினார்கள். கொஞ்ச நாள்தான். அரசன் இரண்டாம் ரிச்சர்ட் தான் கொடுத்த விடுதலைச் சாசனங்களையே ரத்து செய்தான். செயின்ட் ஆல்பன்ஸ் தலைவர் வில்லியம் கிரிண்ட்கோப் தூக்கிலிடப்பட்டார்.

இதையும் எழுதியவர் அதே மடத்துத் துறவி ஒருவர்தான், தாமஸ் வால்சிங்கம். சீமாட்டியின் பேச்சு மடத்து ஏட்டில் நியாயமாகப் பதிவானது. ஜனங்களின் பேச்சு வெறியாட்டமாகப் பதிவானது. ரெண்டு பேரும் கேட்டது ஒன்றுதான்: எங்களிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடு. ஏட்டை வாசிக்கும்போது, யார் கையில் பேனா இருந்தது, யார் வீட்டுத் திருகை அவர்கள் காலடியில் கிடந்தது என்று நாம கேட்டுக்கிட்டே வாசிக்கணும்.