கடலோரப் பட்டினங்கள் – 7: பொன்னோலையும் கடுதாசிப்பட்டறையும்

சென்ற வாரம் சதுரங்கப்பட்டினத்து உலாந்தாக்காரர் கோட்டையில் நின்ற நாம், இவ்வாரம் சோழநாட்டுக் கரைக்குச் செல்வோம். ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலை இரவும் பகலும் கேட்டுக்கொண்டு இரும்புலியூரில் குடியிருப்பவனுக்குத் தென்திசைப் பிரயாணம் என்பது வாசற்படியைத் தாண்டுகிற காரியந்தான். ஆயினும் பேருந்தை விடுத்து, தாம்பரத்தில் சோழன் விரைவு வண்டியைப் பிடித்து, சிதம்பரம் கடந்து மாயவரத்தில் இறங்கினேன். அங்கிருந்து தரங்கம்பாடி வரையில் 1926 முதல் 1986 வரை ஒரு ரயில் ஓடிற்று. இன்று செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று அந்த ரயில் நின்ற ஊர்களின் பெயர்களைப் பேருந்து நடத்துநர்தாம் வரிசையாகக் கூவிக்கொண்டு போகிறார்.

டென்மார்க் அரச முத்திரையையும் 1792 என்ற ஆண்டையும் நெற்றியில் தாங்கிய வெண்ணிற வாயிலைக் கடந்தவுடன், ராஜ வீதி நேரே கடலை நோக்கி ஓடுகிறது. மஞ்சள் பூசிய சுவர்களும், தூண் நிறுத்திய தாழ்வாரங்களும், 1701இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்தங்க, எதிரே டேன்ஸ்போர்க் கோட்டை தோன்றுகிறது. அதற்கும் அப்பால், நீலமும் சிவப்பும் பச்சையுமாய் வர்ணம் தீட்டிய மீன்பிடிப் படகுகள் மணலில் சாய்ந்து கிடக்கின்றன.

‘அலைகள் பாடும் ஊர்’ என்று தரங்கம்பாடி என்னும் பெயருக்குப் பொருள் சொல்லி மகிழ்வோர் பலர். தரங்கம் அலைதான், ஆனால் பாடி என்பது பாட்டன்று, ஆயர்பாடியில் உள்ள அதே பாடி, குடியிருப்பு. அதற்கும் முன்னே சடங்கன்பாடி என்று வழங்கிய இவ்வூரில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் ஆலயத்தின் முற்பகுதியைச் சமுத்திரமே சிறிது சிறிதாக உண்டுவிட்டது.

டேனியர் இங்கே வந்தது ஒரு தோல்வியின் விளைவு. கண்டி அரசனோடு வியாபார உடன்படிக்கை செய்யும் நோக்கத்துடன் 1618இல் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட கப்பற்படைக்குத் தலைவன் ஓவெ கெட்டெ. அவனுக்கு முன்னே வந்த கப்பலைக் காரைக்கால் கரைக்கு அருகே போர்த்துக்கேயர் தாக்கி அழிக்க, அதிலிருந்து உயிர் தப்பிய ரோலண்ட் கிராப்பெ தஞ்சை இரகுநாத நாயக்கரின் சபையை அடைந்தான். கண்டியில் எண்ணம் ஈடேறாத கெட்டெயும் பின்னர் வந்து சேர, 1620 நவம்பரில் உடன்படிக்கை கைகூடிற்று. பனையோலை வடிவில் செய்த பொன் தகட்டில் தமிழில் பொறித்து, டென்மார்க் மன்னன் நான்காம் கிறிஸ்தியானுக்கு நாயக்கர் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

பொன்னோலையில் தொடங்கிய உறவு பொன் விளைக்கவில்லை. ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு டேனிய வியாபாரக் கம்பெனி நொடித்துப்போகவே, ஏறக்குறைய 29 ஆண்டுகள் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. உடனிருந்தோர் எல்லாரும் மாண்டும் பிரிந்தும் போன பின்பு, எஸ்கில் ஆண்டர்சன் என்னும் ஒரே ஒரு டேனியன், உள்ளூர் ஜனங்களின் துணையோடு இக்கோட்டையைக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தான். 1669இல் ஒரு பாய்மரம் அடிவானத்தில் தெரிந்தபோது அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைக் கோட்டையின் மேல்தளத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன்; எதிரே வெறும் நீர்வெளிதான்.

ஊரின் கீர்த்தி மிளகாலும் துணியாலும் வரவில்லை. 1706 ஜூலை 9ஆம் நாள் இக்கரையில் இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, சிறுபிள்ளைகளோடு அமர்ந்து மணலில் தமிழெழுத்து எழுதிப் பழகினார். ஆளுநரின் கோபத்துக்கு ஆளாகி நான்கு மாதம் இதே கோட்டையில் சிறையும் இருந்தார். 1578இலேயே கொல்லத்தில் தமிழ் அச்சேறிவிட்டது உண்மையே. ஆனால் அந்த முயற்சி நீடிக்காமல் தேய்ந்திருந்த காலத்தில், 1712இல் இங்கே நிறுவப்பட்ட அச்சுக்கூடம் தமிழ் அச்சுக்கு மறுபிறவி தந்தது. ஹாலே நகரத்திலிருந்து வந்த அச்செழுத்துக்கள் உருவத்தில் பெரியவையாதலால் காகிதத்தை அளவின்றி விழுங்கின. ஆகவே பக்கத்து ஊரான பொறையாற்றில் சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தையே அதற்கு உருக்கினார்கள் என்று சொல்லுவதுண்டு. புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் முழுமையாக வெளிவந்தது. காகிதப் பஞ்சம் தீரவேண்டிப் பொறையாற்றிலேயே ஒரு காகித ஆலையும் எழுந்தது. 1719இல், நாற்பது வயதையும் எட்டாமல் மறைந்த அந்த மனிதர், தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமாயிருக்கிறார்.

டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்து 1845இல் ஆங்கிலக் கம்பெனிக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். பொன்னோலையில் வந்தவர்கள் விற்பனைப் பத்திரத்தில் போனார்கள். பின்னர் வியாபாரமும் நாகைக்குப் பெயர்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மீனவர் குடியிருப்பைச் சூறையாடியது.

மாலையில் பொறையாற்றுக்குப் போய், டீக்கடை வாசலில் நின்ற ஒரு பெரியவரிடம், “ஐயா, கடுதாசிப்பட்டறைக்கு எப்படிப் போகணும்?” என்று கேட்டேன். அங்கே இப்போது என்ன இருக்கிறது, எதற்காகப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. “நேரா போங்க தம்பி” என்று கையை நீட்டினார். காகிதம் காய்ச்சிய அடுப்பு அணைந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. வழி கேட்டால் மட்டும் அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

(அடுத்த வாரம்: நாகப்பட்டினம்)