நகரத்து மொட்டைமாடியிலிருந்து நெபுலாவைப் படம்பிடிக்க முடியுமா? நேரோபேண்ட் ஃபில்டர் செய்யும் வேலை என்ன?

பெங்களூரு, சென்னை, மும்பை, டெல்லி... எந்த ஊரின் மொட்டைமாடியில் நின்று பார்த்தாலும் இரவு வானம் சாம்பல் பூத்துத்தான் தெரிகிறது. எண்ணிப் பார்த்தால் சில டஜன் நட்சத்திரம் தேறும். பால்வீதி கண்ணில் படுவதே இல்லை. ஆனால் இதே நகரங்களின் மாடிகளிலிருந்து எடுத்ததாகச் சொல்லும் பொன்னிற, நீல நிற நெபுலா படங்கள் உங்கள் இன்ஸ்டாகிராமில் வந்து போயிருக்கும். அதெல்லாம் கிராபிக்ஸா?

இல்லை. டெலஸ்கோப்புக்கும் கேமராவுக்கும் நடுவில் உட்காரும், கைக்கடிகாரக் கண்ணாடி அளவுள்ள ஒரு ஃபில்டரின் வேலை அது.

நெபுலா ஏன் ஒளிர்கிறது?

நெபுலா என்பது விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயுவும் தூசியும். அதன் நடுவே பிறக்கும் சூடான இளம் நட்சத்திரங்கள் புறஊதாக் கதிர்களைக் கொட்டுகின்றன. அந்தக் கதிர் பட்டு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு போகும். பிறகு அவை மறுபடி அணுவோடு சேர்ந்து, படிப்படியாகக் கீழே இறங்கும்போது ஒளியை உமிழும்.

முக்கியமான விஷயம் இதுதான்: அந்த ஒளி எல்லா நிறத்திலும் வராது. குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும்தான் வரும். ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் ஆழ்ந்த சிவப்பாக ஒளிரும். இதற்கு எச்-ஆல்ஃபா என்று பெயர். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் 500.7-இல் பச்சை கலந்த நீலமாகத் தெரியும். இது ஓ-3. கந்தகத்தின் எஸ்-2 கோடு 672-ஐ ஒட்டி, அதுவும் சிவப்புதான்.

ஓ-3 கோட்டுக்குப் பின்னால் ஒரு கதையே இருக்கிறது. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவில் இந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தார். பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. புதுத் தனிமம் என்று நினைத்து 'நெபுலியம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அது சாதாரண ஆக்சிஜன்தான் என்று ஐரா போவென் 1927-இல் விளக்கும்வரை புதிர் நீடித்தது. பூமியின் காற்றடர்த்தியில் இந்தக் கோடு எளிதில் உருவாகாது என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

ஃபில்டர் என்ன செய்கிறது?

ஒரு கூட்டல் கழித்தல் போட்டுப் பாருங்க. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை, அதாவது 300 நானோமீட்டர் அகலம். 7 நானோமீட்டர் ஃபில்டர் அதில் சுமார் 40-இல் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும். 3 நானோமீட்டர் ஃபில்டர் என்றால் 100-இல் ஒரு பங்கு.

நகர வெளிச்சம் இந்த 300-இலும் பரவிக் கிடப்பதால் அதில் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும். நெபுலாவின் ஒளியோ அந்த ஒற்றைக் கோட்டில் குவிந்திருப்பதால் கிட்டத்தட்ட முழுசாக உள்ளே வந்துவிடும். ஃபில்டர் எதையும் பிரகாசமாக்குவதில்லை. வேண்டாததைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான்.

பழைய ஃபில்டர்கள் ஏன் போதவில்லை?

சோடியம் தெருவிளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் மஞ்சள் பகுதியில் குவிந்திருக்கும். அந்த மஞ்சளை வெட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. 2015-இல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில் நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் வந்தன. மின்சாரம் மிச்சம்தான். ஆனால் வெள்ளை எல்.இ.டி. நீலத்திலிருந்து சிவப்பு வரை எல்லாவற்றையும் உமிழ்கிறது. வெட்டி எறிய ஒரே ஒரு நிறம் என்று இப்போது எதுவும் இல்லை. அதனால்தான் 'இதை மட்டும் தடு' என்ற ஃபில்டர் போய், 'இதை மட்டும் விடு' என்ற ஃபில்டருக்கு மவுசு கூடியிருக்கிறது.

முதலில் எதைப் படம்பிடிக்கலாம்?

ரோசெட் நெபுலா நல்ல தொடக்கம். ஓரியன் கூட்டத்தின் திருவாதிரை நட்சத்திரம் தெரியுமா? கையை நீட்டிப் பிடித்து, அதற்குக் கிழக்கே ஒரு முஷ்டி அகலம் தள்ளிப் பாருங்கள். அங்கேதான் இருக்கிறது, சுமார் 5,000 ஒளியாண்டு தூரத்தில். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வானத்தில் அது பிடிக்கும் இடம் முழுநிலவின் அகலத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் சிறிய டெலஸ்கோப்பே போதும்.

தென்னிந்தியர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. சென்னையிலும் பெங்களூருவிலும் இது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே போகும். ஜனவரி இரவுகளில் சுமார் 8 மணி நேரம் 30 டிகிரி உயரத்துக்கு மேல் இருக்கும். வானம் உச்சியில்தான் ஓரளவு இருட்டாக இருக்கும் என்பதால் இது பெரிய உதவி.

மாடியில் என்னென்ன வேண்டும்?

காசை முதலில் மவுன்ட்டில் போடுங்கள், டெலஸ்கோப்பில் அல்ல. பூமி சுழல்வதற்கு ஈடாக டெலஸ்கோப்பைத் திருப்புவது மவுன்ட்தான். அது ஆடினால் மற்றதெல்லாம் வீண்.

மவுன்ட்டின் அச்சு வான வடதுருவத்தைப் பார்க்க வேண்டும். துருவ நட்சத்திரம் டெல்லியில் 28 டிகிரி உயரத்தில் இருக்கும். சென்னையிலும் பெங்களூருவிலும் வெறும் 13 டிகிரிதான். பக்கத்து அப்பார்ட்மென்ட் மறைத்துவிடும். கவலை வேண்டாம். வானத்தின் வேறு இடத்தைப் படமெடுத்து, நட்சத்திரங்களை வைத்தே அச்சைச் சரிசெய்யும் வசதி 'நினா' என்ற இலவச மென்பொருளில் இருக்கிறது.

கேமரா விஷயத்தில் இரண்டு வழி. கறுப்பு-வெள்ளை சென்சார் என்றால் எல்லா பிக்சலும் எச்-ஆல்ஃபாவைப் பிடிக்கும், ஆனால் மூன்று ஃபில்டரும் அவற்றை மாற்றும் சக்கரமும் வேண்டும். கலர் கேமராவில் நாலில் ஒரு பிக்சல்தான் சிவப்பு. ஆனால் எச்-ஆல்ஃபாவையும் ஓ-3-ஐயும் சேர்த்து விடும் ஒரே ஒரு டூயல்-பேண்ட் ஃபில்டர் போதும். செலவு குறைவு, வேலையும் குறைவு. சாதாரண டி.எஸ்.எல்.ஆர். இருக்கிறதா? அதற்குள் உள்ள ஃபில்டர் எச்-ஆல்ஃபாவில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

'வீட்டு அப்சர்வேட்டரி' என்றதும் குவிமாடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். அசையாமல் பொருத்திய ஒரு தூணும் தள்ளித் திறக்கும் கூரையும் இருந்தால் அதுதான் அப்சர்வேட்டரி. ஒவ்வொரு இரவும் எல்லாவற்றையும் தூக்கிவந்து, அச்சைச் சரிசெய்யும் ஒரு மணி நேரம் மிச்சம். படம் எடுக்கும்போது மாடியில் நடக்கக் கூடாது. அந்த அதிர்வு படத்தில் தெரியும். பனி படியாமல் இருக்க லென்ஸைச் சுற்றி ஹீட்டர் பட்டை கட்டுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க லென்ஸோடு சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள். அப்பார்ட்மென்ட் என்றால் அசோசியேஷனில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

எத்தனை மணி நேரம்?

இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரு படத்துக்கு 5 நிமிடம் என்று வைத்தால், ஒரு ஃபில்டருக்கு 4 மணி நேரத்தில் 48 படம். மூன்று ஃபில்டருக்கு 144 படம், 12 மணி நேரம். இரண்டு மூன்று இரவுகள் பிடிக்கும். இவற்றை 'சிரில்' போன்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் குறையும். இரைச்சல் பாதியாக வேண்டுமென்றால் படங்கள் நாலு மடங்கு வேண்டும் என்பது கணக்கு. நடுவில் குறுக்கிட்ட விமானக் கோடும் செயற்கைக்கோள் கோடும் அடுக்கும்போதே கழிந்துவிடும்.

நிலா இருக்கும் இரவுகளை எச்-ஆல்ஃபாவுக்கு ஒதுக்குங்கள். வானில் சிதறும் நிலவொளி நீலப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதால் ஓ-3-க்கு நிலா இல்லாத இரவே சரி.

அந்த நிறங்கள் உண்மையா?

ஒளி உண்மை. நிறம் நாம் கொடுப்பது. எச்-ஆல்ஃபாவும் எஸ்-2-உம் இரண்டுமே சிவப்பு. அப்படியே போட்டால் வித்தியாசம் தெரியாது. அதனால் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஒதுக்குகிறார்கள். 1995-இல் ஹப்பிள் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தில் பிரபலமானதால் இதை 'ஹப்பிள் பேலட்' என்பார்கள். மழை வரைபடத்தில் அதிக மழைக்கு அடர்நீலம் தீட்டுவது போலத்தான் இது. பொய் இல்லை. ஆனால் படத்தைப் பகிரும்போது எந்த பேலட் என்று எழுதிவிடுங்கள்.

வெறும் பொழுதுபோக்கா?

ஆண்ட்ரோமெடா கேலக்ஸியை எடுக்காத கேமராவே இல்லை எனலாம். 2022-இல் பிரான்ஸின் நான்சி நகரம் அருகே இருந்து யான் செயின்டி என்ற அமெச்சூர், 106 மில்லிமீட்டர் டெலஸ்கோப்பில் அதை ஓ-3 ஃபில்டரில் பல இரவுகள் எடுத்தார். கேலக்ஸிக்குப் பக்கத்தில் அதுவரை யாரும் பார்க்காத மாபெரும் நீல வளைவு ஒன்று தெரிந்தது. மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர் ஆகிய இரு அமெச்சூர்களும் இந்தக் கண்டுபிடிப்பில் சேர்ந்தவர்கள். 2023 ஜனவரியில் ஆய்விதழில் அது வெளியானது. அத்தனை பேர் பார்த்த இடத்தில், அந்த ஒற்றை நிறத்தில் அத்தனை நேரம் யாரும் பார்க்கவில்லை.

ஃபில்டரால் முடியாதது

கேலக்ஸிகளும் நட்சத்திரக் கூட்டங்களும் பால்வீதியும் எல்லா நிறத்திலும் ஒளிர்பவை, நம் தெருவிளக்கைப் போலவே. அவற்றை நேரோபேண்ட் ஃபில்டர் காப்பாற்றாது. அதற்கு இருட்டுதான் வேண்டும். லடாக்கின் ஹான்லேயும் மகாராஷ்டிராவின் பெஞ்ச் புலிகள் காப்பகமும் இருண்ட வானத்துக்காகப் பாதுகாக்கப்படும் இடங்கள். எல்லாராலும் அங்கே போக முடியாது. ஆனால் வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி விளக்குக்கு மூடி போடலாம். தேவையில்லாத நேரத்தில் அணைக்கலாம். அதை உங்கள் மாடி விளக்கிலிருந்தே தொடங்கலாம்.