பாறையில் ஒட்டியபின் மூளை எதற்கு?

பல்கலைக்கழக வட்டாரங்களில் சுற்றிவரும் நகைச்சுவை ஒன்று உண்டு. கடலில் ஓர் உயிரி இருக்கிறது. சின்ன வயதில் நீந்தித் திரியும். ஒட்டிக்கொள்ள ஒரு நல்ல பாறையைத் தேடும். தேடுவதற்கென்று அதனிடம் சிறிய மூளை ஒன்றும் இருக்கும். பாறை கிடைத்ததும் அங்கேயே தலைகுத்தி ஒட்டிக்கொள்ளும். பிறகு, இனி எதுக்கு இது என்று தன் மூளையைத் தானே தின்றுவிடும். பேராசிரியருக்கு வேலை நிரந்தரமானது மாதிரி என்று கதை முடியும்.

தத்துவவாதி டேனியல் டென்னெட் 1991இல் வெளிவந்த ‘கான்ஷியஸ்னஸ் எக்ஸ்ப்ளெய்ண்ட்’ நூலில் இதை எழுதிய பிறகு கதை இன்னும் பரவியது. இந்த ஒப்பீட்டை முதலில் சொன்னவர் நரம்பியலாளர் ரொடால்ஃபோ யினாஸ் என்றே நினைப்பதாக அவர் அங்கே ஒரு குறிப்பும் போட்டிருக்கிறார்.

கேட்டவுடன் சிரிப்பு வரும். சிலருக்குச் சில முகங்களும் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஒரு சிக்கல். அந்த உயிரி அப்படிச் செய்வதில்லை. அதை ஆராய்ந்து வாழ்ந்தவர்களும் அப்படி இருக்கவில்லை.

உயிரியின் பெயர் அசிடியன். ஆங்கிலத்தில் இதற்குள்ள வழக்குப் பெயரைக் கடற்பீச்சி என்று சொல்லலாம். தொட்டால் உடலைச் சுருக்கித் தண்ணீரைப் பீய்ச்சுவதால் வந்த பெயர். படகுத்துறைத் தூண்களிலும் மிதவைகளின் அடியிலும் பாறைகளிலும் ஒட்டி வாழும். பார்வைக்குத் தோல்பை போல இருக்கும். மேலே இரண்டு துவாரங்கள். ஒன்றின் வழியே கடல்நீர் உள்ளே போகும், இன்னொன்றின் வழியே வெளியே வரும். இடையில் நீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்ணும். தலை, கால், முதுகு என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. இது செடியா விலங்கா என்ற குழப்பம் அரிஸ்டாட்டில் காலத்திலேயே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் விலங்கியலாளர்களில் பலர் இதை மெல்லுடலிகளோடு, அதாவது சிப்பி, நத்தை வகையறாவோடு சேர்த்து வைத்தார்கள். சிப்பியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வளர்ந்த உருவத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது நியாயமான முடிவுதான்.

அந்த முடிவைக் கலைத்தவர் அலெக்சாண்டர் கொவலெவ்ஸ்கி. இன்று லாட்வியாவில் இருக்கும் டௌகாவ்பில்ஸ் நகரத்துக்கு அருகே, ரஷ்யப் பேரரசில் 1840இல் பிறந்தவர். பொறியியல் படிக்கத்தான் பீட்டர்ஸ்பர்க்குக்கு அனுப்பினார்கள். அதை விட்டுவிட்டு இயற்கை அறிவியலுக்குத் தாவினார். ஜெர்மனியில் ஹைடெல்பெர்கிலும் டூபிங்கனிலும் படித்தார். 1864இல் இத்தாலியின் நேப்பிள்ஸுக்குப் போனார். ஆண்டன் டோர்ன் அங்கே தொடங்கிய புகழ்பெற்ற கடலுயிரி ஆய்வு நிலையம் அப்போது இல்லை. அது 1870களில் வந்தது. கொவலெவ்ஸ்கியிடம் நுண்ணோக்கியும் மீனவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் உயிரிகளும்தான் இருந்தன.

அவர் செய்தது எளிமையாகச் சொல்லக்கூடிய காரியம். வளர்ந்த உயிரியைப் பார்ப்பதோடு நிற்காமல் முட்டையிலிருந்து தொடங்கினார். முதலில் மீனின் வடிவில் இருக்கும் ஆம்ஃபியாக்சஸ் என்ற சிறு கடலுயிரி. அடுத்தது அசிடியன்.

அசிடியனின் கரு வளர்வது வெறும் மணிக்கணக்கில் முடிந்துவிடும். முட்டை இரண்டாகி, நான்காகி, எட்டாகி, பந்தாகித் திரள்கிறது. பிறகு மேற்பரப்பின் ஒரு பக்கம் தட்டையாகி, ஓரங்கள் மேலெழுந்து, ஒன்றையொன்று தொட்டு, ஒரு குழாயாக மூடிக்கொள்கிறது. அதுதான் நரம்புக்குழாய். தாயின் வயிற்றில் நமக்கும் முதுகுத்தண்டின் நரம்பு உருவாவது இதே வழியில்தான். குழாய்க்குக் கீழே ஒரு விறைப்பான கம்பி தோன்றுகிறது. அதை முதுகுநாண் என்பார்கள். முதுகெலும்பு உள்ள எல்லா விலங்குகளின் கருவிலும் அது உண்டு. நம் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகளின் நடுக்கூழ் அதன் மிச்சம்தான். முதுகுவலிக்காரர்கள் வட்டு விலகிவிட்டது என்று சொல்லும்போது அந்தப் பழைய நாணின் நினைவையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

முட்டையிலிருந்து வெளிவரும் லார்வா ஒரு குட்டித் தலைப்பிரட்டை. வாலில் முதுகுநாண், அதன்மேல் நரம்புக்குழாய், முன்பக்கத்தில் ஒரு சிறிய மூளை. அந்த மூளையில் ஒளியை உணரும் புள்ளி ஒன்றும், மேல்கீழ் அறிய உதவும் கனமான நிறமித் துகள் ஒன்றும் இருக்கின்றன. சிப்பி வகையறாவில் இதெல்லாம் ஏது?

1866இல் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் ஜெர்மன் மொழியில் அவர் இதை அச்சிட்டபோது வயது 26. தோல்பை போலப் பாறையில் கிடக்கும் உயிரி, குழந்தைப்பருவத்தில் நம் உறவுக்காரன். சொந்தம் இருப்பது வளர்ந்த உடலில் அல்ல, வளரும் வழியில். கட்டுரையின் சாரம் அவ்வளவுதான்.

எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. நண்பர் இல்யா மெச்னிக்கோவ், அந்த நரம்புமண்டலம் உருவாகும் முறையில் முதலில் மாறுபட்டார். பெரிய எதிர்ப்பு கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயரிடமிருந்து வந்தது. சாதாரண ஆள் இல்லை. பாலூட்டியின் முட்டையை 1827இல் கண்டு சொன்னவர், கருவியலுக்கே தந்தை. எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 1873இல், அசிடியன் முதுகெலும்பிகளின் வகையில் வளர்வதாகச் சொல்வதை மறுத்துத் தனியாக ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இங்கே நம் நகைச்சுவையை ஃபான் பேயர் தலையில் கட்டிவிடலாம் போலத் தோன்றும். பாருங்க, பாறையில் ஒட்டிய கிழவர் என்று. அதுவும் சரியாக வராது. எண்பதைத் தாண்டியவர், தன்னைவிட 48 வயது இளையவரின் ஆய்வை உட்கார்ந்து படித்து, வரிவரியாக மல்லுக்கு நிற்கிறார் என்றால், மூளை இன்னும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? தவறான முடிவுக்கு வருவது வேறு, யோசிப்பதை நிறுத்துவது வேறு.

டார்வின் மறுபக்கம் நின்றார். 1871இல் வந்த மனிதனின் தோற்றம் பற்றிய நூலில் கொவலெவ்ஸ்கியின் கண்டுபிடிப்பைச் சொல்லி, முதுகெலும்பிகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு இங்கே ஒரு துப்பு கிடைத்திருக்கலாம் என்றார். கூடவே ஓர் அடிக்குறிப்பு. 1833 ஏப்ரலில் ஃபாக்லாந்து தீவுகளில், பீகிள் பயணத்தின்போது, ஓர் அசிடியனின் நீந்தும் லார்வாவைத் தானே பார்த்திருப்பதாக எழுதுகிறார். பார்த்தார், வியந்தார், குறித்து வைத்தார். அதன் பொருளைச் சொல்ல 33 ஆண்டுகள் கழித்து வேறொருவர் வர வேண்டியிருந்தது. அந்த வேறொருவர் முட்டையிலிருந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர்.

கொவலெவ்ஸ்கியின் பணிவாழ்க்கை வரைபடத்தில் கோடு போட்டால் கடலைத் தேடிப் போகிற மாதிரி இருக்கும். 1868இல் கசான், பிறகு கீவ். கடலுயிரி ஆய்வாளருக்குக் கடல் இல்லாத ஊர்கள். விடுப்பு கிடைத்தபோதெல்லாம் மத்தியதரைக் கடலுக்கும் செங்கடலுக்கும் பயணம். 1874இல் கருங்கடல் துறைமுகமான ஒடெசாவில் பேராசிரியர் பதவி கிடைத்தது. பாறை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு ஆண்டுகள் அங்கே இருந்தார்.

அந்த ஆண்டுகளில் என்ன செய்தார்? திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்செரா பூச்சியை எதிர்க்கும் பணியில் ஈடுபட்டார். 1883இல் தம்பி விளாடிமிர் தற்கொலை செய்துகொண்டார். டார்வினை ரஷ்ய மொழியில் பெயர்த்தவர் விளாடிமிர். கணித மேதை சோஃபியா கொவலெவ்ஸ்கயாவின் கணவர். புதைபடிவ ஆய்வில் தனக்கென்று பெயர் பெற்றவர். தொழிலில் நொடித்துப் போனவர். அந்த இழப்புக்குப் பிறகும் அண்ணன் ஆய்வை விடவில்லை. 1880களில் ஈயின் உருமாற்றத்தை எடுத்துக்கொண்டார். புழு கூட்டுக்குள் போய் ஈயாக வெளிவரும்போது பழைய புழுவின் தசைகள் எங்கே போகின்றன? இரத்தத்தில் திரியும் அணுக்கள் அவற்றைத் தின்கின்றன என்று காட்டினார். உடல் தன் பழைய பாகத்தைத் தானே தின்று புதிதாவதை நுண்ணோக்கியில் பார்த்தவர் அவர். பின்னாளில் நோபல் பரிசு பெறவிருந்த மெச்னிக்கோவின் விழுங்கணுக் கொள்கைக்கு அது ஒரு பலமான துணை.

1890இல் அறிவியல் கழக உறுப்பினராகப் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். அங்கே கௌரவத்தோடு உட்கார்ந்திருக்கலாம். 1892இலிருந்து 1901இல் இறக்கும்வரை செவஸ்தபோல் கடலுயிரி நிலையத்தின் இயக்குநர் பொறுப்பையும் சுமந்தார். மலேசிய வாசகர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: அந்த நிலையம் உருவாக முன்முயற்சி எடுத்தவர்களில் ஒருவர் நிக்கொலாய் மிக்லுஹோ மக்லாய். 1874-75இல் ஜொகூரிலிருந்து தொடங்கி மலாயாக் காடுகளின் உள்ளே நடந்து, ஓராங் அஸ்லி மக்களைப் பற்றி எழுதிய அதே ஆள்தான்.

கொவலெவ்ஸ்கிக்குப் பிறகு அசிடியன் ஒரு மரபாகிவிட்டது. 1887இல் பிரான்சின் லோரான் ஷாப்ரி, இரண்டு அணுக்களாகப் பிரிந்த நிலையில் ஒன்றை மெல்லிய ஊசியால் கொன்று பார்த்தார். மிஞ்சியது பாதிக் கருவாகவே வளர்ந்தது. 1905இல் அமெரிக்காவின் எட்வின் கான்க்லின், உட்ஸ் ஹோலில் கிடைத்த ஓர் அசிடியன் முட்டையில் இயல்பாகவே இருக்கும் நிறங்களைப் பின்தொடர்ந்தார். மஞ்சள் பகுதி எங்கே போகிறது? வால் தசைக்கு. ஒவ்வொரு அணுவும் யாருடைய பிள்ளை, எந்த உறுப்பில் போய் நிற்கும் என்று ஒரு வம்சாவளியே எழுதினார். பிறகு பிரின்ஸ்டனில் பேராசிரியராக நிலைத்தார். ஓய்வு பெறும் தறுவாயில், 69 வயதில், ஆம்ஃபியாக்சஸின் கருவளர்ச்சி பற்றிப் பெரும் ஆய்வொன்றை வெளியிட்டார். கொவலெவ்ஸ்கி தொடங்கிய அதே உயிரி.

2002இல் சியோனா என்ற அசிடியனின் மரபணுத்தொகுதி வெளியானது. 2006இல் பல உயிரிகளின் மரபணுக்களை ஒப்பிட்டவர்கள், முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய உறவு மீன்போல இருக்கும் ஆம்ஃபியாக்சஸ் அல்ல, அசிடியன் கூட்டம்தான் என்றார்கள். 2016இல் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் கெரியான் ரயன் தன் முனைவர் பட்ட ஆய்வில், ஒரே ஒரு சியோனா லார்வாவை மின்னணு நுண்ணோக்கிக்காக ஆயிரக்கணக்கான சீவல்களாக வெட்டி, மைய நரம்புமண்டலத்தின் இணைப்புகள் முழுவதையும் வரைந்திருந்தது வெளிவந்தது. எண்ணிப் பார்த்ததில் 177 நரம்பணுக்கள். நம் தலையில் இருப்பதோ பல ஆயிரம் கோடி. பாறை தேடுவதற்கு 177 போதும்.

சரி, பாறை கிடைத்தபின் அந்த 177க்கு என்ன ஆகிறது? முன்முனையில் உள்ள பசைக் காம்புகளால் லார்வா ஒட்டிக்கொள்கிறது. சில மணி நேரத்தில் வால் உள்ளிழுக்கப்படுகிறது. முதுகுநாணும் வால் தசையும் அழிகின்றன. நரம்பணுக்களில் பெரும்பாலானவையும் அழிகின்றன. நகைச்சுவை இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுகிறது.

2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மேலே தொடர்ந்து பார்த்தார்கள். பவளம் ஒன்றிலிருந்து பெற்ற கயெதே என்ற புரதத்தைப் பயன்படுத்தினார்கள். கயெதே என்றால் ஜப்பானிய மொழியில் மேப்பிள். இலையுதிர்காலத்து மேப்பிள் இலைபோல, ஒளி பட்டதும் பச்சையிலிருந்து சிவப்பாகும் புரதம். லார்வாவின் நரம்புக்குழாயில் உள்ள அணுக்களைச் சிவப்பாக்கிவிட்டு, உருமாற்றத்துக்குப் பிறகு சிவப்பு எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். குழாயின் உட்சுவரில் நரம்பணுக்களாக ஆகாமல் சும்மா இருந்த அணுக்கள் சாகவில்லை. வளர்ந்த அசிடியனின் நரம்புமண்டலத்தைக் கட்டியவை அவைதான்.

ஆம், வளர்ந்த அசிடியனுக்கும் மூளை இருக்கிறது. இரண்டு துவாரங்களுக்கும் நடுவே ஒரு நரம்புமுடிச்சு. நீந்த வேண்டியதில்லை என்பதால் அதன் வேலை வேறு: துவாரங்களை மூடித் திறப்பது, ஆபத்து வந்தால் உடலைச் சுருக்குவது. அதை வெட்டி எடுத்துவிட்டால்? சியோனாவில் அது சில வாரங்களில் மறுபடி வளர்ந்துவிடுகிறது. மூளையைத் தின்பதாகப் பேர்போன உயிரி, நம்மால் செய்ய முடியாததைச் செய்கிறது.

அந்த நகைச்சுவையைத் தடை செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. நாற்காலி கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடுபவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு, இலக்கியத்திலும் உண்டு. ஆனால் அதற்கு இந்த உயிரியைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. இன்று பல இளம் ஆய்வாளர்கள் ஒப்பந்தத்திலிருந்து ஒப்பந்தத்துக்கு நீந்திக்கொண்டிருக்கிறார்கள். நிரந்தரம் வந்தால் மூளை போய்விடும் என்ற பேச்சு, அவர்களுக்கு நிரந்தரம் தராமல் இருப்பதற்கு வசதியான சாக்காகவும் ஆகிவிடும். கொவலெவ்ஸ்கிக்கு ஒடெசா கிடைத்தது, கடல் பக்கத்தில் வந்தது, ஈயின் புழுவுக்கு என்ன ஆகிறது என்று உட்கார்ந்து பார்க்க அவருக்கு நேரம் கிடைத்தது.