கம்பவுண்டர் எப்போது மருந்தாளுநர் ஆனார்?

ஓசூர் பக்கம் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற எனக்கு தினமும் காதில் விழுற ஒரு வார்த்தை "கம்பவுண்டரு".

தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கமிருந்து வர்ற பெரியவங்க, மருந்து கவுன்டரில் நிற்பவரை இன்னைக்கும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. நிற்பவர் பி.ஃபார்ம் படித்தவர். பதவிப் பெயர் மருந்தாளுநர். அவர் திருத்துவதில்லை, சீட்டை வாங்கிட்டு வேலையைப் பார்க்கிறார்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாடி கிட்டத்தட்ட 200 வருஷக் கதை இருக்கு. த்ரெட் கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து படிங்க.

1835-ல் சென்னையில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க. எங்க ஆளுங்க காலரைத் தூக்கி விட்டுட்டு "எம்.எம்.சி" என்று சொல்வாங்களே, அதன் ஆரம்பம் அதுதான். கல்லூரி என்ற பெயர் 1850-ல் தான் வந்தது. தொடக்கத்தில் அங்கே உருவாக்க நினைத்தது இன்றைய அர்த்தத்தில் டாக்டர்களை அல்ல. கம்பெனி ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கு வெள்ளைக்கார சர்ஜன்களுக்குக் கீழே வேலை செய்ய "அப்போதிகரி" என்ற உதவியாளர்களை. பாதி வைத்தியர், பாதி மருந்து கலக்குபவர்.

போகப்போக வைத்தியம் பார்க்கும் பாதி டாக்டர் என்ற பெயரோடு மேலே போயிடுச்சு. மருந்து கலக்கும் பாதி கீழேயே நின்னுடுச்சு. அதுக்கு வந்த பெயர்தான் கம்பவுண்டர்.

அவர் வேலை என்னன்னு இப்போதைய தலைமுறைக்குத் தெரியாது. நோயாளி வீட்டிலிருந்து காலி பாட்டில் கொண்டு வரணும். டாக்டர் சீட்டில் கிரெயின், டிராம், மினிம் என்று அளவு இருக்கும். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். கம்பவுண்டர் தராசில் நிறுத்து, கல்வத்தில் அரைத்து, அளவுக் குவளையில் கலந்து பாட்டிலில் ஊற்றுவார். வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, பல் பல்லாக வெட்டிய காகிதத்தை பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் லேபிள்!

இதுல என்ன பெரிய வித்தைன்னு நினைக்காதீங்க.

அந்தக் காலத்து டானிக்குகளில் எட்டிக்கொட்டையில் இருந்து எடுக்கும் ஸ்ட்ரிக்னின் சேர்ப்பாங்க. கொஞ்சமாக இருந்தால் பசியெடுக்கும் மருந்து என்று நம்பினாங்க, கூடினால் விஷம். அதோடு புரோமைடு உப்பைக் கலந்தால் ஸ்ட்ரிக்னின் மெதுவாக அடியில் படியும். நோயாளி தினமும் குடிப்பார், ஒண்ணும் ஆகாது. பாட்டிலின் கடைசி வேளையில் மொத்த விஷமும் ஒரே மடக்கில் உள்ளே போகும். சீட்டில் எழுதின டாக்டர் கவனிக்காமல் விட்டாலும் கலக்குபவருக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியலைன்னா ஒரு உயிர்.

முதல் உலகப்போர் சமயம் இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்த ஒரு பெண் இதைப் படித்து, பின்னாடி தன் நாவலில் கொலைக்குப் பயன்படுத்திக்கிட்டார். அகதா கிறிஸ்டி! எந்த நாவல்னு சொல்ல மாட்டேன், படிக்காதவங்க திட்டுவீங்க.

இங்கே கதை வேற மாதிரி போச்சு. சந்தையில் தரமில்லாத குயினைன் ஓடுது, மலேரியாக்காரங்க ஏமாறுறாங்க என்ற புகார் கூடிக்கிட்டே போக, 1930-ல் ராம் நாத் சோப்ரா தலைமையில் ஒரு விசாரணைக் குழு போட்டாங்க. 1931-ல் அறிக்கை வந்தது. மருந்துக்கும் சட்டம் வேணும், அதைக் கையாளும் தொழிலுக்கும் சட்டம் வேணும் என்றது.

மருந்துக்கான சட்டம் 1940-ல் வந்தது. மனுஷனுக்கான சட்டம் 1948-ல் தான். 9 வருஷம் ஒண்ணுக்கு, 17 வருஷம் இன்னொண்ணுக்கு. மாத்திரைக்கு இருந்த அவசரம் அதைக் கொடுக்கிற ஆளுக்கு இல்ல.

1948-ன் ஃபார்மசி சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. படிப்பு இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரியிலோ டிஸ்பென்சரியிலோ 5 வருஷம் மருந்து கலக்கிய அனுபவம் இருந்தால் முதல் பதிவேட்டில் பெயர் சேர்க்கலாம். இப்படித்தான் எத்தனையோ கம்பவுண்டர்கள் சட்டப்படி ஃபார்மசிஸ்ட் ஆனாங்க. அடுத்து வந்தவங்களுக்கு டி.ஃபார்ம். 2 வருஷப் படிப்பு, கூடவே 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி.

அமெரிக்கா, பிரிட்டனில் "ஃபார்மசி டெக்னீஷியன்" என்று தனியாக ஒரு படி உண்டு. எடுத்துக் கொடுப்பது, எண்ணுவது, இருப்பு பார்ப்பது அவர் வேலை, மேலே ஃபார்மசிஸ்ட் சரிபார்ப்பார். பிரிட்டனில் 2011-லிருந்து அவர்களுக்கும் பதிவு கட்டாயம். நம்ம சட்டத்தில் அந்தப் படியே கிடையாது. எண்ணுவதும் இவரே, சரிபார்ப்பதும் இவரே, தப்பானால் பதில் சொல்வதும் இவரே.

தமிழ்நாட்டில் இந்த வேலையை அடியோடு மாற்றியது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் ஆரம்பித்து 1995-ல் விநியோகத்துக்கு வந்தது. அதற்கு முன்னாடி டப்பாவில் உதிரியாக வரும் மாத்திரையை எண்ணிக் காகிதத்தில் மடிச்சுக் கொடுப்பாங்க. பிறகு அரசு முத்திரையோட ஸ்ட்ரிப், மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். கிடங்குக்கு வந்த சரக்கை ஆய்வகத்தில் சோதித்துத் தேறின பிறகுதான் வெளியே விடுவாங்க. பல மாநிலங்கள் இதைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டாங்க.

மருந்தாளுநர் கையில் இருந்த கல்வம் போய் பேட்ச் நம்பர், காலாவதி தேதி, இன்சுலின் ஃப்ரிட்ஜின் வெப்பநிலை, கம்ப்யூட்டர் இண்டென்ட் வந்தது. கலக்கும் வேலை முடிஞ்சது, கவனிக்கும் வேலை கூடிடுச்சு.

இப்ப என் தப்பு ஒண்ணைச் சொல்றேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு, நைட் டூட்டி. காய்ச்சலோட 10 கிலோ குழந்தை. அம்மா ஒடிசாக்காரங்க, சிப்காட் வேலைக்கு வந்த குடும்பம். பாராசிட்டமால் சிரப் 5 மி.லி. என்று எழுத வேண்டிய இடத்தில், முந்தைய கைக்குழந்தைக்கு எழுதின ஞாபகத்தில் "டிராப்ஸ் 5 மி.லி., 4 வேளை" என்று எழுதிட்டேன்.

சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மில்லிகிராம். டிராப்ஸில் 1 மி.லி.க்கே 100. அதாவது ஒரு வேளைக்கு 500, நாளைக்கு 2000 மில்லிகிராம். 10 கிலோ குழந்தையின் கல்லீரல் அதைத் தாங்காது.

மருந்தாளுநர் கவுன்டரிலிருந்து கத்தலை. எழுந்து என் ரூமுக்கே வந்து, "சார், சிரப்பு தானே?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வேர்த்துடுச்சு. திருத்திக் கொடுத்தேன். அவர் திரும்பிப் போய், அளவு மூடியில் பேனாவால் கோடு போட்டு, அந்த அம்மாவிடம் உடைஞ்ச இந்தியில் "யஹா தக்" என்று விரலை வச்சுக் காட்டினார்.

எல்லை ஊரில் இந்த வேலைக்கு மொழியும் வேணும். "சாப்பிட்ட பிறகு" என்பதை "ஊட்ட ஆத மேலே", "தின்ன தர்வாத", "கானே கே பாத்" என்று ஒரே மணி நேரத்தில் மாற்றி மாற்றிச் சொல்லணும். இதுக்கு எந்த பாடத்திட்டத்திலும் மார்க் கிடையாது.

சரி, எதிர்காலம்? எங்க பக்கம் டி.ஃபார்ம் முடிச்ச பையன் மருந்து ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கலாம், மெடிக்கல் ஷாப்பில் நிற்கலாம். அத்திப்பள்ளி தாண்டி கடையிலோ ஆஸ்பத்திரியிலோ மருந்து கொடுக்கணும்னா பதிவைக் கர்நாடக கவுன்சிலுக்கு மாத்தணும். சிலர் சர்டிபிகேட்டை மட்டும் கடைக்கு வாடகைக்கு விட்டுட்டு வேற வேலைக்குப் போறாங்க. அது சட்டப்படி தப்பு, நோயாளிக்கு ஆபத்து. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2022-ல் 889 மருந்தாளுநர் இடங்களை அறிவித்தது. உள்ளே வந்தபிறகு மேலே இருப்பது தலைமை மருந்தாளுநர் என்ற படி. அந்த இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது எங்க கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தான். வீட்டு வாசலுக்குப் போகும் பி.பி., சுகர் மாத்திரைப் பை எல்லாருக்கும் தெரியும். அந்த மாத்திரைகளை இருப்பு பார்த்து, காலாவதி பார்த்து, கணக்கெழுதி அனுப்பும் ஆள் எந்த போட்டோவிலும் இல்ல. ஒரே மருந்தாளுநர் இருக்கும் இடத்தில் அவர் ஒரு நாள் லீவு போட்டால் அன்னைக்கு மருந்து கொடுப்பது யார்? பதிவு பெற்றவர் மட்டுமே கொடுக்கணும் என்கிறது 1948 சட்டத்தின் 42-ஆவது பிரிவு. பக்கத்து அறையில் ஊசி போட்டுக்கிட்டிருக்கும் நர்ஸ் அக்காவிடம் கேட்டுப் பாருங்க.

போன வாரம் அவரிடம் கேட்டேன், "அண்ணே, கம்பவுண்டர்னு கூப்பிடுறது கஷ்டமா இல்லையா?"

"அவங்க எங்க தாத்தா காலத்து மரியாதையில கூப்பிடுறாங்க சார். 22 வருஷமா அதே சீட்டுல இருக்கேன், அதைக் கேளுங்க" என்றார்.