வங்கக் கடற்பயணத்தின் கால அளவு: முப்பது நாளும் நான்கு மணி நேரமும்

முன்னுரை

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். இத்தொலைவு மாறுவதில்லை, அதனைக் கடக்கும் காலமே மாறி வந்துள்ளது. பயணக் காலத்தை அளவுகோலாகக் கொண்டால், மலாயாவில் குடியேறிய தமிழருக்கும் தாயகத்துக்கும் இடையே நிலவிய உறவின் தன்மை தெளிவுறும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பாய்மரக் காலம்

வூசிங் என்னும் சீனத் துறவி கடாரத்திலிருந்து மேற்கே 30 நாள் கடற்பயணம் செய்து நாகப்பட்டினத்தை அடைந்தார் என ஏழாம் நூற்றாண்டுப் பயணியாகிய இட்சிங் பதிவு செய்துள்ளார். இடைத்தொலைவு சற்றொப்ப 2,300 கிலோமீட்டரே. எனினும் கிழக்கே செல்வதற்குத் தென்மேற்குப் பருவக்காற்றும், மேற்கே திரும்புவதற்கு வடகிழக்குப் பருவக்காற்றும் வேண்டியிருந்தன. ஆகவே, போய்வரும் பயணம் நாள்களால் அன்றிப் பருவங்களால் அளக்கப்பட்டது எனலாம்.

நீராவிக் கப்பற் காலம்

நீராவிக் கப்பல் காற்றுக்குக் காத்திருக்கவில்லை. 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) வழியாகச் சிங்கப்பூரை அடைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று. ஆயினும் தோட்டத் தொழிலாளரின் பயணத்தை உறுதிசெய்தது கப்பலின் வேகம் அன்று. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த தமிழர் குடியேற்ற நிதி, முதலாளிகள் செலுத்திய தொகையிலிருந்து தொழிலாளரின் வருகைச் செலவை ஏற்றது. ரப்பர் விலை வீழ்ந்த 1930களின் தொடக்கத்தில் பெருந்தொகையினர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தொழிலாளி எப்போது வருவது, எப்போது திரும்புவது என்பதைப் பெரும்பாலும் சந்தையே முடிவு செய்தது. தாயின் மறைவுச் செய்தி தந்தி வழியே விரைந்து வந்தாலும், விடுப்பும் கட்டணமும் கப்பலும் ஒருங்கே வாய்த்துக் கருமாதிக்கேனும் மகன் போய்ச் சேர்வது அரிதாகவே இருந்திருக்கும்.

வானூர்திக் காலம்

1985 பிப்ரவரியில் 'எம்.வி. சிதம்பரம்' தீ விபத்துக்குள்ளானதோடு இத்தடத்தில் பயணிகள் கப்பற்போக்குவரத்து முடிவுற்றது. இன்று வானூர்தி இத்தொலைவை நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் கடக்கிறது. காற்றின் பங்கு முற்றிலும் நீங்கிவிடவில்லை. கடற்பரப்பில் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், மிக உயரத்தில் கிழக்கிலிருந்து விரைகாற்று வீசுகிறது. இதனை இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1958இல் ஆராய்ந்து விளக்கினார். பாய்மரக் கலங்களைக் கிழக்கே உந்திய அதே பருவத்தில், கிழக்கே பறக்கும் வானூர்தி எதிர்காற்றைச் சந்திக்கிறது. ஆனால், இழப்பு சில நிமிடங்களே.

முடிவுரை

மூன்று காலங்களையும் ஒப்பிடுகையில், 'தொலைவு' என்பது புவியியற் கருத்து மட்டுமன்று; அது சமூகக் கருத்துமாகும் என்பது பெறப்படுகிறது. முன்னோரின் வருகையை வகுப்பறையில் கற்பிக்கும்போது எத்தனை கிலோமீட்டர் என்பதோடு நின்றுவிடலாகாது. எத்தனை நாள் ஆயிற்று, கட்டணம் யாருடையது, விரும்பியபோது திரும்ப இயன்றதா என்னும் வினாக்களையும் மாணவர் எழுப்புதல் வேண்டும். ஒரு தலைமுறை ஏன் ஊர் திரும்பவில்லை என்பதற்கான விடையின் பெரும்பகுதி அவற்றில் அடங்கியுள்ளது.