குளோஷர்வழிப் பொருள்

வகுப்பு எதனையும் வரையறுக்காமல், சில செயற்கூறுகளை ஒரு மேப்பில் பெயரிட்டு வைத்து உருவாக்கும் எளிய பொருள் குளோஷர்வழிப் பொருள் எனப்படும். செயற்கூற்று நிரலாக்கத்தில் பயிலும் உத்தி இது. மேப் என்பது பெயரும் மதிப்பும் இணை இணையாக அமைந்த அட்டவணை. குளோஷர் என்பது தான் உருவான இடத்தின் மாறிகளைத் தன்னுடன் வைத்திருக்கும் செயற்கூறு. அதை உருவாக்கிய செயற்கூறு முடிந்த பின்னும் அம்மாறிகள் அழிவதில்லை.

வரலாறு

இதன் வேர் அலோன்சோ சேர்ச் 1930களில் வகுத்த லாம்டா கணிதத்தில் உள்ளது. 1958இல் ஜோன் மக்கார்த்தி எம்.ஐ.டி.யில் தொடங்கிய லிஸ்ப் மொழி அதன் குறியீட்டை எடுத்துக்கொண்டது. ஆனால் தொடக்ககால லிஸ்ப், மாறியின் மதிப்பைச் செயற்கூறு எழுதப்பட்ட இடத்தில் தேடாமல், அழைக்கப்பட்ட இடத்தில் தேடியது. இதனால் வெளியே அனுப்பப்பட்ட செயற்கூறு தன் மாறிகளை இழந்தது. 1964இல் பீற்றர் லாண்டின் செயற்கூற்றையும் அதன் சூழலையும் ஒன்றாகப் பிணைத்து, அப்பிணைப்புக்குக் குளோஷர் என்று பெயரிட்டார்.

அடுத்த திருப்பமே முக்கியமானது. கார்ல் ஹியூவிற் 1973இல் முன்வைத்த, செய்தி பரிமாறும் அலகுகளால் கணிப்பை விளக்கும் அக்டர் கோட்பாட்டை விளங்கிக்கொள்ள, 1975இல் ஜெரால்ட் சஸ்மனும் கை ஸ்டீலும் ஒரு சிறு லிஸ்ப் எழுதினர். அதுவே ஸ்கீம். செய்தி பெறும் அக்டருக்கும் உள்ளீடு பெறும் குளோஷருக்கும் அதில் தனித்தனி வழி வைத்தனர். பின்னர் பார்த்தபோது இரண்டையும் இயக்கும் நிரல் ஒன்றாகவே இருந்தது. நோர்வேயின் சிமுலா 67 வகுப்புகளை முன்னரே தந்திருந்தது. ஆயினும் வகுப்பு இல்லாமலே குளோஷரைக் கொண்டு பொருளை அமைக்கலாம் என்பதை ஸ்கீம் காட்டியது. 1985இல் ஹரல்ட் ஏபல்சனும் சஸ்மனும் எழுதிய பாடநூல், வங்கிக் கணக்கு எடுத்துக்காட்டின் மூலம் இம்முறையை மாணவரிடம் கொண்டுசென்றது. அதில் செய்தியைப் பார்த்து உரிய செயற்கூற்றைத் தரும் பகுதிக்குப் பதிலாக மேப்பை வைத்தால் இங்கு கூறும் வடிவம் கிடைக்கும்.

அமைப்பு

நுவரெலியா, ஹற்றன் தேயிலைத் தோட்டங்களில், பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டிலான கொழுந்து மடுவத்து நிறுவையைக் கொண்டு இதை விளக்கலாம். ‘ஏடு_திற’ என்ற செயற்கூறு ஒரு தொழிலாளி அன்று பறிக்க வேண்டிய அளவைப் பெறுகிறது. அது 18 கிலோ என்று கொள்வோம். உள்ளே ‘மொத்தம்’, ‘கழிவு’ என்ற மாறிகள் பூச்சியத்தில் தொடங்கும். திரும்பக் கிடைக்கும் மேப்பில் ‘நிறு’, ‘மொத்தம்’, ‘கழிவு’, ‘பேர்’ ஆகிய பெயர்களில் நான்கு செயற்கூறுகள் இருக்கும். காலையில் 7 கிலோ, பகலில் 9, மாலையில் 6 என நிறுத்து, ஒவ்வொரு தடவையும் சாக்குக்கும் ஈரத்துக்கும் 1 கிலோ கழித்தால், மொத்தம் 19, கழிவு 3. மொத்தம் 18ஐத் தாண்டியதால் ‘பேர்’, முழுநாட் சம்பளத்துக்கு உரிய முழுப்பேர் என்று சொல்லும்.

‘நிறு’ வழியாக அன்றி வெளியிலிருந்து எவரும் மொத்தத்தை மாற்ற முடியாது. கழிவுக்குத் தனிப் பெயர் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. நிறுக்கும்போது கொழுந்தில் எத்தனை கிலோ வெட்டினார்கள் என்பது தெரிவதில்லை என்பது தோட்டத் தொழிலாளரின் நீண்டகால முறைப்பாடு. உள்மதிப்பை மறைக்கக்கூடிய கணக்கு, கழிவைக் கொழுந்து எடுத்தவர் கேட்டுப் பார்க்கும் வழியைக் கட்டாயம் தர வேண்டும்.

அடுத்த தொழிலாளிக்கு ‘ஏடு_திற’வை மீண்டும் அழைத்தால் வேறொரு ஏடு பிறக்கும், ஒன்றின் மாறிகள் மற்றதில் கலப்பதில்லை. தூய செயற்கூற்று முறையில் ‘நிறு’ எதையும் மாற்றாமல் புதிய மேப்பைத் திருப்பித் தரும். காலை ஏடு அப்படியே இருப்பதால் மாலையில் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒவ்வொரு பொருளும் தனக்கெனக் குளோஷர்களை வைத்திருப்பதால் நினைவகம் கூடுதலாகச் செலவாகும். பெயரைப் பிழையாக எழுதினால் பல மொழிகளில் ஓட்டும்போதுதான் தெரியவரும்.

இன்றைய நிலை

ஜாவாஸ்கிரிப்ட், லுவா, குளோஜர் முதலிய மொழிகளில் இம்முறையில் எழுதலாம். இலங்கையில் தோன்றிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கி, 2019இல் 1.0 பதிப்பாக வெளியிட்ட பலரினா மொழியிலும் மேப், குளோஷர் இரண்டும் உள்ளன.