கறி வேகும் நேரம்: அடுப்படியிலிருந்து சில வரலாற்றுக் குறிப்புகள்

சமையலைப் பற்றித் தமிழில் வந்திருக்கும் புத்தகங்களுக்குக் குறைச்சல் இல்லை. அவற்றைப் புரட்டும் ஒரு சேரிப் பெண் தன் அடுப்பில் என்ன வெந்தது என்பதை அங்கே தேடினால் கிடைக்காது. தமிழர் சமையல் என்றால் சாம்பார், ரசம், கூட்டு, பொரியல். அசைவம் என்று ஒரு பகுதி வந்தால் கோழி, ஆடு, மீன், நண்டு. மாடு இருக்காது. எழுதப்படாத அடுப்பு, இல்லாத அடுப்பாகிவிடுகிறது.

நான் தினமும் சமைக்கிறவள். கூட்டம், எழுத்து, இயக்க வேலை எல்லாம் அடுப்பை அணைத்த பிறகுதான். ஆம்பூர்ப் பக்கத்துக் காலனியில் வளர்ந்து, எம்.ஏ. தமிழ் படித்து, இப்போது நகரத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். இங்கே எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் சாப்பாட்டைப் பற்றி இரண்டு பேச்சு. ஒன்று, ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பத்தோடு வெளியே போய்ச் சாப்பிடுவது. இன்னொன்று, 'ஸ்லோ குக்கிங்'. அவசரமில்லாமல், சின்னத் தீயில், மணிக்கணக்கில் சமைப்பது. அதற்கென்றே மின்சாரச் சட்டியும் விற்கிறார்கள். இரண்டும் வசதியானவர்களின் பொழுதுபோக்காகப் பேசப்படுகின்றன. இந்த இரண்டுக்கும் நம்மிடம் வேறொரு வரலாறு இருக்கிறது. அதைக் கொஞ்சம் சொல்லிவைக்க வேண்டும்.

வெளியே உட்கார இடம்

காசு கொடுத்தால் யாருக்கும் சோறு என்ற ஹோட்டல், வெள்ளைக்காரன் காலத்து நகரங்களில் ரயிலோடும் ஆபீசோடும் சேர்ந்து வளர்ந்தது. அதற்கு முன்பு சத்திரம் இருந்தது. சத்திரத்தில் சாதி இருந்தது. ஹோட்டல் அதை மாற்றியிருக்க வேண்டும். காசுக்கு ஏது சாதி? ஆனால் ஹோட்டலுக்குச் சாதி இருந்தது. போர்டிலேயே 'பிராமணாள்' என்று எழுதி வைத்தார்கள். ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில்கூட பிராமணர்களுக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம். பல ஆண்டு எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் அந்தப் பிரிவு ஒழிந்தது. காப்பியும் ஹோட்டலும் சாதியோடு கலந்து வளர்ந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) விரிவாகப் பேசுகிறது.

1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் இயக்கத்தார் மறியல் செய்தார்கள். போர்டில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. மாதக்கணக்கில் நடந்தது, தினமும் கைதானார்கள். கடைசியில் சொல் அழிந்தது. அதே 1957இல், செப்டம்பர் 11ஆம் தேதி, பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். இரட்டைக் குவளைக்கு எதிராக 1954இலேயே மாநாடு நடத்தியவர் அவர். ஒரே ஆண்டின் இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நகரத்தில் போர்டில் எழுதியிருந்த சாதிக்காக ஜெயிலுக்குப் போனார்கள். கிராமத்தில் டம்ளரில் இருந்த சாதியைக் கேட்டவர்களின் உயிருக்கே உத்தரவாதம் இல்லை.

எங்க ஆயா பஸ் ஸ்டாப் டீக்கடையைப் பற்றிச் சொல்லும். கூரை வாரையில் ஆணியடித்து ஓர் அலுமினிய டம்ளர் தொங்கும். காலனி ஆளுக்கு அதுதான். எடுத்து நீட்டினால் கடைக்காரர் எட்ட நின்று ஊற்றுவார். குடித்து, கழுவி, திரும்ப ஆணியில் மாட்டணும். "டம்ளருக்குத்தான் தீட்டு. நாம குடுக்கிற காசுக்குத் தீட்டு இல்ல பாரு" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கும். அரசியல் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடைகளையும் உணவு விடுதிகளையும் பெயர் சொல்லியே எல்லோருக்கும் திறந்துவிட்டது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், ஹோட்டலில் பொதுவுக்கு வைத்திருக்கும் பாத்திரத்தைத் தராமல் இருப்பதும் குற்றம் என்றது. டம்ளர் வரைக்கும் சட்டம் இறங்கி வந்தது. ஆனால் ஆணி பிடுங்கப்படவில்லை. பிறகு பேப்பர் கப் வந்தது. "எல்லாருக்கும் இதுதாம்மா" என்று கடைக்காரர் சொல்வார். ஊர்க்காரர் வந்து உட்கார்ந்தால் உள்ளேயிருந்து கண்ணாடி டம்ளர் வரும். தூக்கியெறியும் கப்பில் சாட்சியும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது.

தணல்

வெளியே உட்கார இடமில்லாதவர்களுக்கு விருந்து, திருவிழா, பண்டிகை எல்லாம் வீட்டு அடுப்பில்தான். அந்த அடுப்புக்கு வந்து சேர்ந்தது என்ன?

ஏரோட்டி, வண்டியிழுத்து, ஓய்ந்துபோன மாடு. முன்பு ஊரில் மாடு செத்தால் அதை அப்புறப்படுத்துவது சேரியின் தலையில் கட்டப்பட்ட வேலை; கூலிக்குப் பதில் அந்தக் கறி. பிறகு காசு கொடுத்து வாங்கும் காலம் வந்தபோதும் இளசான மாட்டுக்கு வழியில்லை. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடு, அல்லது அடிபட்டோ தீராத நோய் கண்டோ நிரந்தரமாக முடங்கிய மாடு என்று சான்று பெற்றால்தான் அறுக்கலாம். அதாவது முற்றிய மாடு. அதிலும் சதைப் பிடிப்பான துண்டு காசுள்ளவருக்கு. கால், வால், தலை, குடல், நெஞ்செலும்பு நமக்கு.

இப்படிப்பட்ட கறியைப் பெரிய தீயில் போட்டால் செருப்புத் தோலாகிவிடும். நிறைய உழைத்த தசையைச் சுற்றிக் கொலாஜன் என்ற நார்ப் புரதம் இறுகிக் கிடக்கும். ஈரத்தில், மெல்லிய சூட்டில், மணிக்கணக்கில் இருந்தால்தான் அது ஜெலட்டினாக இளகிக் குழம்பில் இறங்கும். சாற்றைத் தொட்டால் விரல் ஒட்டும். ஆயாவுக்குக் கொலாஜன் தெரியாது. "முத்துன கறிக்குத் தீ காட்டக் கூடாது, தணல் காட்டணும்" என்பது தெரியும். மண்சட்டியில் கால்கறியை மஞ்சள், உப்பு, சின்ன வெங்காயம், பூண்டோடு ஒரு கொதி விடும். பிறகு விறகை வெளியே இழுத்துவிட்டு, சாம்பல் மூடிய தணல் மேல் சட்டியை வைத்து, மூடி மேலும் இரண்டு கங்கு போடும். ராத்திரி முழுக்க அப்படியே கிடக்கும். விடிகாலையில் எலும்பைத் தூக்கினால் கறி தானாகக் கழன்று விழும். மிளகாய், மல்லி அரைத்து ஊற்றுவது அதற்குப் பிறகுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நிதானமாகச் சமைப்பது நேரம் உள்ளவர்களின் காரியம் என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். சேரியில் அது நேரமே இல்லாதவளின் கண்டுபிடிப்பு. பகலெல்லாம் நடவு, களையெடுப்பு, தோல் ஷாப் வேலை என்று போய்வந்தவளால் அடுப்பின் முன் நான்கு மணி நேரம் நிற்க முடியாது. அவள் தூங்கும்போது தணல் வேலை செய்தது. மிஞ்சிய கறியைக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கட்டி வெயிலில் காயவைத்தால் உப்புக்கண்டம். அங்கே வெயில் வேலை செய்தது. விறகுக்கும் நேரத்துக்கும் கறிக்கும் பஞ்சம் இருந்த இடத்தில் மூன்றையும் கணக்குப் பார்த்து உருவாக்கிய அறிவு இது.

அதற்காக இதை நான் புனிதப்படுத்த வரவில்லை. புகையில் ஆயாவின் கண் போனது. ஆண்கள் கறியைத் தின்று எலும்பை உறிஞ்சிய பிறகு, பெண்களுக்குச் சட்டியில் ஒட்டிய சாறுதான். இந்தியாவில் பிரஷர் குக்கர் தயாரிப்பு 1959இல் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு அது வர நான் பள்ளிக்கூடம் போகும் காலம் ஆனது. ஏழெட்டு விசிலில் கறி வெந்தபோது அம்மா, "இது எனக்கு முன்னமே வந்திருக்கணும்" என்றது. ருசி கொஞ்சம் குறைச்சல்தான். அம்மாவுக்குக் கிடைத்த இரண்டு மணி நேரத்தை எந்த ருசியோடும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

தோழர்கள் சிலர் கேட்பதுண்டு: "1927இல் மகாட்டில் செத்த மாட்டைத் தின்பதை விடச் சொன்னாரே அம்பேத்கர், நீங்கள் மாட்டுக்கறியைக் கொண்டாடலாமா?" அம்பேத்கர் விடச் சொன்னது, ஊர் தூக்கியெறிந்ததைக் கூலியாக வாங்கித் தின்னும் அடிமைத்தனத்தை. அவரேதான் 1948இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில், மாட்டுக்கறி தின்றதைக் காரணமாக்கித்தான் தீண்டாமை சுமத்தப்பட்டது என்று வாதிட்டார். காசு கொடுத்து, விருப்பப்பட்டு, நாமே தேர்ந்து வாங்கிச் சமைப்பது வேறு. திணிக்கப்பட்டதை மறுப்பதும், விரும்பியதைத் தின்பதும் ஒரே சுயமரியாதையின் இரண்டு பக்கம்.

போர்டில் இல்லாத சோறு

இப்போது நகரத்து ஹோட்டலில் நம்மை யாரும் எழுப்பி அனுப்புவதில்லை. உட்காரலாம். ஆனால் நம் சோறு அங்கே உட்கார முடியாது. விலைப்பட்டியலில் ஆடு, கோழி, காடை, வான்கோழி எல்லாம் இருக்கும். பீஃப் கேட்டால் பரிமாறுகிற தம்பி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அது இங்க இல்லக்கா" என்று குரலைத் தாழ்த்துவார். கேட்டவள் யார் என்பது பக்கத்து மேசைக்குத் தெரிந்துபோகும். அலுமினிய டம்ளர் இப்போது காற்றில் தொங்குகிறது.

எங்கள் ஆம்பூர் பிரியாணிக்கு நடந்ததைப் பாருங்கள். தோல் தொழில் நடக்கும் ஊர். முஸ்லிம்களும் தலித்துகளும் சேர்ந்து வாழும் ஊர். சீரகச் சம்பா அரிசி, கத்திரிக்காய்த் தொக்கு, மேலேயும் கீழேயும் கங்கு போட்டு மூடும் தம். தம் என்பதே மெதுச் சமையல்தானே! அங்கே ஏழைக்கும் கைக்கு எட்டும் பிரியாணி மாட்டுக்கறி பிரியாணி. 2022 மே மாதம் 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது, நாங்களே இலவசமாகப் போடுகிறோம் என்று இயக்கங்கள் அறிவித்தன. மழையைக் காரணம் சொல்லித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. மாட்டுக்கறியை விலக்கியதைப் பாகுபாடாக ஏன் கருதக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. ஆம்பூரின் பெயர் வேண்டும், ஆம்பூர்க்காரன் தட்டு வேண்டாம்!

சமைக்கிற கை

நாம் வெளியே சாப்பிடுவது பாதிக் கதைதான். நம் கையால் சமைத்ததை மற்றவர்கள் சாப்பிடுவார்களா என்பது மீதிக் கதை. மராட்டியத்துக் கோலாப்பூரில் இது நூறு ஆண்டுக்கு முன்பே கேட்கப்பட்டது. அரண்மனை வேலையில் இருந்த கங்காராம் காம்ப்ளே என்ற தலித், சாதி இந்துக்களின் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டதற்காக அடிக்கப்பட்டார். பிறகு டீக்கடை வைத்தார். யாரும் வரவில்லை. மன்னர் சாகு மகராஜ் தம் பரிவாரத்தோடு அந்தக் கடைக்குப் போய், அவர் கையால் டீ வாங்கிக் குடித்தார். ஒரு கப் டீ அரசாணையைவிடப் பெரிதாகப் பேசியது.

நம் காலத்துக்கு வருவோம். 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் திரண்டார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணையே மாற்றினார்கள். போராட்டத்துக்குப் பிறகுதான் உத்தரவு ரத்தானது. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுதும் விரிந்தது. அடுத்த மாதமே கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிட வேண்டாம் என்றார்கள் சில பெற்றோர். மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அந்த உணவைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. கோலாப்பூருக்கும் கரூருக்கும் நடுவே நூறு ஆண்டு. வேகாத கறி இது.

ஆகவே நம் முன்னால் மூன்று கேள்வி இருக்கிறது. எங்கே உட்காருகிறோம்? தட்டில் என்ன இருக்கிறது? சமைத்த கை யாருடையது? முதல் கேள்விக்கு ரத்தம் சிந்திப் பாதிப் பதில் வாங்கியிருக்கிறோம். மற்ற இரண்டுக்கும் பதில் இனிமேல்தான்.

படிக்கிற தம்பி தங்கைகளிடம் ஒரு வேலை கேட்கிறேன். மராத்தியில் சாகு படோலே 2015இலேயே மராட்வாடாத் தலித் சமையலைத் தனி நூலாக்கிவிட்டார். நாமும் செய்வோம். உங்கள் ஊரில் கிழவிகள் இருக்கும்போதே போய் உட்காருங்கள். மாட்டின் ஒவ்வொரு உறுப்புக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயரைக் கேளுங்கள். எது எவ்வளவு நேரம் வேகும், எந்த விறகு, எந்தச் சட்டி என்று எழுதுங்கள். அவள் சாப்பிட்டாளா, எதைச் சாப்பிட்டாள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். ஆண் தோழர்கள் நோட்டை எடுக்கும் முன் வெங்காயத்தை உரியுங்கள். கறி வேக நான்கு மணி நேரம் ஆகும். பேச நிறைய நேரம் இருக்கிறது.